நிற்காமல் ஓடியது கார்! வரிசையாக 240 பச்சை விளக்கு!

அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரம். 2016-ம் ஆண்டு டிசம்பர் மாதம். ஊர் உறங்கும் பின்னிரவு நேரம்.

ஒரு டிரைவர் தன் காரைக் கிளப்பினார். முதல் நாற்சந்தியில் பச்சை விளக்கு எரிந்தது. தாண்டினார். அடுத்த நாற்சந்திக்கு வந்தார். அங்கும் பச்சை. அதற்கடுத்ததிலும் பச்சை. பத்து, இருபது, ஐம்பது, நூறு என்று விளக்குகள் போய்க்கொண்டே இருந்தன. சிவப்பு விளக்கு அவர் கண்ணில் படவே இல்லை!

கடைசியில் எண்ணிப் பார்த்தால் 240 விளக்குகள். பிடித்த நேரம் 27 நிமிடம். ஓர் இடத்தில்கூட அவர் சிவப்பு விளக்குக்காகக் காரை நிறுத்தவில்லை. காரில் இருந்த கேமரா அத்தனையையும் படம் பிடித்து வைத்திருந்தது. உலகம் முழுவதும் மக்கள் அந்தப் படத்தைப் பார்த்து வியந்தார்கள்.

"அடேயப்பா! என்ன வேகத்தில் பறந்தாரோ!" என்றுதான் கேட்கத் தோன்றும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 27 நிமிடம் என்றால் 1,620 விநாடி. அதை 240-ஆல் வகுத்தால், ஒரு விளக்குக்கு 6¾ விநாடி வருகிறது. அந்த ஊரில் ஒரு குறுக்குத் தெருவுக்கும் அடுத்த குறுக்குத் தெருவுக்கும் நடுவே சுமார் 80 மீட்டர். அப்படியானால் காரின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கும் 45 கிலோமீட்டருக்கும் இடையில்தான்! ரோடு காலியாக இருந்தால் நம் ஊர் டவுன் பஸ்கூட இந்த வேகத்தில் போகும்.

அவர் பறக்கவில்லை. பறந்திருந்தால் பத்தாவது விளக்கைக்கூடப் பச்சையில் பார்த்திருக்க மாட்டார். அதுதான் இதில் உள்ள வேடிக்கை.

கோவில் வாசலும் காவல்காரரும்

இது எப்படி நடக்கிறது?

ஒரு பெரிய கோவிலை நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளே போவதற்கு ஒன்றன் பின் ஒன்றாகப் பல வாசல்கள். வாசலுக்கு ஒரு கதவு. கதவுக்கு ஒரு காவல்காரர். ஒவ்வொருவரும் முக்கால் நிமிடம் கதவைத் திறந்து வைப்பார். பிறகு முக்கால் நிமிடம் மூடி வைப்பார். இதுதான் அவர் வேலை. ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு நடந்து போக 7 விநாடி ஆகும்.

முதல் காவல்காரர் கதவைத் திறக்கிறார். நீங்கள் உள்ளே நுழைந்து நடக்கிறீர்கள். இரண்டாவது காவல்காரர் கெட்டிக்காரர். முதல் கதவு திறந்து 7 விநாடி கழித்துத் தன் கதவைத் திறக்கிறார். நீங்கள் அங்கே போய்ச் சேருவதும் கதவு திறப்பதும் ஒரே நேரம். மூன்றாமவர் இன்னும் 7 விநாடி தள்ளித் திறக்கிறார். நான்காமவர் அதற்கும் 7 விநாடி தள்ளி. நீங்கள் எங்கும் நிற்க வேண்டியதில்லை. நடை மாறாமல் கர்ப்பகிரகம் வரை போய்விடலாம்.

கதவுக்குப் பதிலாக விளக்கு. காவல்காரருக்குப் பதிலாகக் கடிகாரம். அவ்வளவுதான்!

ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் இதைத் தங்கள் மொழியில் "பச்சை அலை" என்று சொல்கிறார்கள். பொருத்தமான பெயர். திருவிழாப் பந்தலில் சர விளக்குப் போடுகிறார்கள் அல்லவா? ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வெளிச்சம் ஓடுவது போலத் தெரியும். பல்பு ஓடுவதில்லை, ஒன்று அணைய ஒன்று எரிகிறது. நியூயார்க்கின் உயர்ந்த மாடிகளில் நின்று இரவில் கீழே பார்ப்பவர்களுக்கும் அதே காட்சிதான். பச்சை நிறம் தெருவில் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் முதுகில் கார்கள் மிதந்து போகும்.

வெடித்த விளக்கு

தெருவில் விளக்கு வைத்துப் போக்குவரத்தை நிறுத்தும் எண்ணம் பழையது. 1868-ம் ஆண்டு டிசம்பரில் லண்டன் பார்லிமெண்ட் கட்டடத்துக்கு அருகே முதல் விளக்கை வைத்தார்கள். ரெயில்வே கைகாட்டி போல அதற்குக் கைகள் இருந்தன. இரவில் சிவப்பும் பச்சையும் காட்ட கேஸ் விளக்கு. ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் நின்று அதைத் திருப்புவார். மறு மாதமே கேஸ் கசிந்து விளக்கு வெடித்தது. போலீஸ்காரருக்குப் பலத்த காயம். லண்டன்காரர்கள் அந்த ஆசையையே நெடுநாள் மறந்துவிட்டார்கள்.

பிறகு மோட்டார் கார் வந்தது, மின்சாரமும் வந்தது. 1914-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மின்சார விளக்கு வைத்தார்கள். 1917-ல் சால்ட் லேக் சிட்டி என்ற ஊரில் 6 நாற்சந்தி விளக்குகளை ஒரே கம்பியில் இணைத்தார்கள். ஒருவர் ஒரே இடத்தில் இருந்துகொண்டு ஆறையும் மாற்றலாம்.

நியூயார்க்கில் ஐந்தாம் அவென்யூ என்று ஒரு பெரிய வீதி உண்டு. பணக்காரர்களின் கடைவீதி. அங்கே 1920-ல் தெரு நடுவிலேயே விளக்குக் கோபுரங்களைக் கட்டினார்கள். கோபுரத்துக்குள் போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பார். 1922-ல் அவற்றை எடுத்துவிட்டு 23 அடி உயரத்தில் 7 வெண்கலக் கோபுரங்களை வைத்தார்கள். பார்க்கத் தேர் போல இருக்கும். ஒரு கோபுரத்தில் விளக்கு மாறினால் மற்றக் கோபுரங்களிலும் உடனே மாற்றுவார்கள். வீதி முழுவதும் ஒரே நேரத்தில் பச்சை. ஒரே நேரத்தில் சிவப்பு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு பொல்லாத குணம் ஒளிந்திருக்கிறது. எல்லா விளக்கும் 45 விநாடி பச்சையாக இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் அந்த நேரத்தில் 6 குறுக்குத் தெருக்களைத் தாண்டுவார். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்? 12 குறுக்குத் தெருக்கள்! வேகமாகப் போனால் இரட்டிப்பு லாபம். எந்த டிரைவர்தான் சும்மா இருப்பார்? பச்சை விழுந்ததும் பந்தயம் தொடங்கிவிடும். சிவப்பு விழுமுன் எத்தனை தெருவைத் தாண்டலாம் என்பதே எல்லோருடைய நினைப்பும். நடந்து போகிறவர் கதி என்ன? தெருவைக் கடக்கக் காலை வைக்கும்போதெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வெண்கலக் கோபுரங்கள் 1929-ல் போய்விட்டன. அவை நின்ற இடமே தெருவுக்கு இடைஞ்சலாகிவிட்டது.

அவசரக்காரரும் நிதானக்காரரும்

விளக்குகள் ஒரே நேரத்தில் மாறாமல் சற்றுத் தள்ளித் தள்ளி மாறினால் என்ன? 1920-க்குப் பிறகு இஞ்சினீயர்கள் இதைப்பற்றி யோசித்தார்கள். 1926-ல் சிகாகோ நகரின் நடுப்பகுதியில் இந்த முறை வந்துவிட்டது. விளக்கு அதேதான். பச்சை எரியும் நேரமும் அதேதான். ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் நடுவே சில விநாடி வித்தியாசம் வைத்தார்கள். அந்தச் சில விநாடிகள் டிரைவர்களின் குணத்தையே மாற்றின.

எப்படி என்று பாருங்கள்.

விளக்குகள் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்காக வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த வேகத்தில் 80 மீட்டரைக் கடக்க 7.2 விநாடி ஆகும். ஆகவே ஒவ்வொரு விளக்கும் முன் விளக்குக்கு 7.2 விநாடி பின்னால் பச்சையாகும். இரண்டு டிரைவர்கள் ஒன்றாக வருகிறார்கள். ஒருவர் நிதானக்காரர். 40-லேயே போகிறார். மற்றவர் அவசரக்காரர். 60-க்கு மிதிக்கிறார்.

அவசரக்காரர் அடுத்த விளக்குக்கு 4.8 விநாடியில் போய்விடுகிறார். ஆனால் விளக்கு இன்னும் சிவப்பு! பிரேக்கை அழுத்தி நிற்கிறார். பச்சை விழுகிறது. அவர் கியர் போட்டுக் கிளம்புவதற்குள் நிதானக்காரர் அதே 40-ல் பக்கத்தில் சறுக்கிக்கொண்டு போய்விடுகிறார். அவசரக்காரருக்கு ரோஷம். விரட்டிப் பிடித்து முந்துகிறார். அடுத்த விளக்கும் சிவப்பு. மறுபடி பிரேக். மறுபடி கியர்.

இப்படியே 20 விளக்குகள். தூரம் 1,600 மீட்டர். நிதானக்காரர் 144 விநாடியில், அதாவது 2 நிமிடம் 24 விநாடியில் போய்ச் சேர்ந்தார். அவசரக்காரர்? அவரும் அதே நேரத்துக்குத்தான் வந்தார். தலைகீழாக நின்றாலும் அதற்கு முன்பு வர முடியாது. இருபதாவது விளக்கு அதற்கு முன்பு பச்சையாகாது! நிதானக்காரர் கால் பிரேக்கைத் தொடவில்லை. அவசரக்காரர் கால் வலிக்க மிதித்தார். பெட்ரோலும் கூடுதலாகச் செலவழித்தார்.

பெட்ரோல் விஷயம் சும்மா சொல்வதல்ல. பாரம் ஏற்றிய மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். ஓடுகிற வண்டியை மாடுகள் எளிதாக இழுத்துக்கொண்டு போகும். நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால்தான் கழுத்து நரம்பு புடைக்கும். காரும் அப்படியே. சேர்த்து வைத்த வேகத்தையெல்லாம் பிரேக் சூடாக்கித் தீர்த்துவிடும். மறுபடி அதைச் சேர்க்கப் பெட்ரோல்தான் எரிய வேண்டும்.

"பதறாத காரியம் சிதறாது" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். டிரைவர்களுக்கு அதை யாரும் வாயால் சொல்லிக் கொடுக்கவில்லை. விளக்கு சொல்லிக் கொடுத்தது. அபராதச் சீட்டைவிட நல்ல வாத்தியார் இது என்பேன். அமெரிக்காவில் சில சாலைகளில் இன்னும் ஒருபடி மேலே போய், "இங்கே விளக்குகள் இந்த வேகத்துக்கு வைக்கப்பட்டுள்ளன" என்று பலகையே எழுதி வைக்கிறார்கள். இத்தனை மைல் வேகத்தில் வா, நிற்காமல் போ என்று அர்த்தம்.

அதற்காக ஆமை போல ஊர்ந்தாலும் பலிக்காது. ஒருவர் 30-ல் போகிறார். அவருக்கு ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்கு 9.6 விநாடி. அலையைவிட ஒவ்வொரு விளக்கிலும் 2.4 விநாடி பின்தங்குகிறார். பச்சை 45 விநாடி எரிவதால் கொஞ்ச தூரம் தாங்கும். 18 விளக்குகள் வரை தப்பித்துவிடுவார். பத்தொன்பதாவது விளக்கில் மாட்டிக்கொள்வார். மெதுவாகப் போகிறவரை இந்த வாத்தியார் நெடுநேரம் பொறுத்துக்கொள்வார். வேகமாகப் போகிறவரை முதல் வாசலிலேயே நிறுத்துவார்.

எதிரே வருகிறவர் கதி

இத்தனை நல்ல முறை என்றால் ஏன் எல்லா ஊரிலும் எல்லாத் தெருவிலும் இல்லை?

மறுபடி கோவிலுக்குப் போவோம். கதவுகள் வெளியிலிருந்து உள்நோக்கி வரிசையாகத் திறக்கின்றன. உள்ளே போகிறவருக்கு ஆனந்தம். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர் என்ன ஆவார்? அவருக்கு எதிராக அல்லவா கதவுகள் திறந்து மூடுகின்றன!

தெருவிலும் இதே தொல்லை. நாம் சொன்ன கணக்கிலேயே எதிர்த்திசையில் ஒரு கார் வரட்டும். அது ஒரு பச்சையில் கிளம்பி மூன்று விளக்குகளைத் தாண்டும். நாலாவதில் சிவப்பு. அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும். கிளம்பினால் மறுபடி நாலாவதில் சிவப்பு. போகிறவர் பூப்பல்லக்கில் போகிறார். வருகிறவர் நொண்டியடித்துக்கொண்டு வருகிறார்.

இரண்டு பக்கமும் பச்சை அலை ஓட வழியே இல்லையா? உண்டு. விளக்குகளுக்கு நடுவே உள்ள தூரம் சரியாக அமைய வேண்டும். பச்சை 36 விநாடி, சிவப்பு 36 விநாடி என்று வையுங்கள். விளக்குகள் 400 மீட்டருக்கு ஒன்றாக இருக்கட்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் 400 மீட்டருக்கு 36 விநாடிதான். ஒன்று பச்சையாக இருக்கும்போது அடுத்தது சிவப்பாக இருந்தால் போதும். போகிறவருக்கும் பச்சை, வருகிறவருக்கும் பச்சை!

ஆனால் எந்த ஊர்த் தெரு இப்படி அளவெடுத்து அமைந்திருக்கிறது? நியூயார்க்கின் தெருக்களுக்குக் கோடு போட்டது 1811-ம் ஆண்டில். அப்போது ஓடியவை குதிரை வண்டிகள். 80 மீட்டருக்கு ஒரு குறுக்குத் தெரு என்று அன்று வைத்ததை இன்று யார் நகர்த்துவது?

ஆகவே நியூயார்க்காரர்கள் வேறு வழி கண்டார்கள். ஒரு வீதியில் போவது மட்டும். பக்கத்து வீதியில் வருவது மட்டும். 1951-ல் முதலாம் அவென்யூவும் இரண்டாம் அவென்யூவும் இப்படி ஒருவழிப் பாதைகள் ஆயின. மற்றவை ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. ஹென்றி பார்ன்ஸ் என்பவர் 1962-ல் அந்த நகரின் போக்குவரத்துக் கமிஷனராக வந்தார். அதற்கு முன் டென்வர், பால்டிமோர் நகரங்களில் பெயர் எடுத்தவர். 1966-ம் ஆண்டு ஜனவரியில் ஐந்தாம் அவென்யூவும் அதன் பக்கத்தில் உள்ள மாடிசன் அவென்யூவும் அவர் காலத்தில் ஒருவழிப் பாதைகளாக மாறின. இன்று 240 பச்சை விளக்கை ஒருவர் தாண்ட முடிகிறது என்றால் இதுதான் அடிப்படை.

கார் வைத்திருப்பவருக்கு இதில் லாபம். பஸ்ஸில் போகிறவருக்கு? காலையில் வீட்டு வாசலில் ஏறலாம். மாலையில் அடுத்த வீதியில் இறங்கி நடந்து வர வேண்டும். கைக்குழந்தையும் காய்கறிப் பையும் வைத்திருக்கிற தாய்க்கு அந்த நடை சிறிய நடை அல்ல. இந்தக் கணக்கை இஞ்சினீயர்கள் விநாடியில் போடுவதில்லை.

நாலு கார் நின்றால் போதும்

பின்னிரவில் பலித்த வித்தை மாலை 6 மணிக்குப் பலிக்குமா? பலிக்காது.

குறுக்குத் தெருவிலிருந்து திரும்பிய கார்கள் அடுத்த விளக்கில் வந்து நிற்கும். நாலு கார் வரிசையாக நிற்கிறது என்று வைப்போம். பச்சை விழுந்தால் ஒரு கார் நகர ஏறக்குறைய 2 விநாடி ஆகும். நாலும் நகர 8 விநாடி. பின்னால் அலையில் மிதந்து வருகிறவர் 7 விநாடியில் வந்துவிடுகிறார். விளக்கு பச்சைதான். ஆனால் முன்னால் கார் நிற்கிறது! பிரேக் போட வேண்டியதுதான்.

அதனால் கூட்டம் மிகுந்த நேரத்தில் முன்னால் உள்ள விளக்கைச் சீக்கிரமே பச்சையாக்கி, நிற்கிற கார்களை முதலில் அனுப்ப வேண்டும். கூட்டம் இன்னும் அதிகமானால் விசித்திரம் நடக்கிறது. கடைசி விளக்கு முதலில் பச்சையாகும். அதற்குப் பின்னால் உள்ளது அடுத்து. பச்சை அலை பின்னோக்கி ஓடும்! ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இது புரியும். முன்னால் நிற்பவர் நகர்ந்தால்தான் பின்னால் நிற்பவர் நகரலாம்.

தூரமும் ஒரு சத்துரு. ரெயில் நின்றதும் ஜனங்கள் கும்பலாக வாசலுக்கு வருகிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் கும்பல் கலைந்துவிடுகிறது. சிலர் முன்னால், சிலர் பின்னால். விளக்கிலிருந்து கிளம்பும் கார்களும் இப்படித்தான். சுமார் 800 மீட்டருக்குள் அடுத்த விளக்கு இருந்தால்தான் கும்பல் கலையாமல் வந்து சேரும். அதற்கு மேல் போனால் அலை கரைந்துவிடும். நம் ஊர்ச் சாலைகளில் இது இன்னும் சீக்கிரம் கரையும். லாரி, ஆட்டோ, மோட்டார் சைக்கிள், மாட்டு வண்டி எல்லாம் ஒன்றாகக் கிளம்பினால் ஒரே வேகத்தில் எப்படிப் போகும்?

இந்தச் சிக்கலைத் தீர்க்க மூளையுள்ள இயந்திரத்தைக் கூப்பிட்டார்கள். 1963-ல் கானடா நாட்டின் டொராண்டோ நகரம் விளக்குகளைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தது. உலகிலேயே முதல் நகரம் அது. பிறகு பிரிட்டிஷ்காரர்களும் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தாரும் தெருவுக்கு அடியில் கம்பிச் சுருள் புதைத்து, எத்தனை கார் வருகிறது என்று விளக்கே எண்ணும்படி செய்தார்கள். காத்திருப்பவர்கள் அதிகமானால் பச்சை நீளும், குறைந்தால் சுருங்கும். இப்போது கூகுள் கம்பெனி, டிரைவர்களின் செல்போன்கள் நகருவதைப் பார்த்து, எந்த விளக்கில் எத்தனை விநாடி மாற்றலாம் என்று யோசனை சொல்கிறது. பெங்களூரு, ஐதராபாத், கொல்கத்தா போலீசார் அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

சென்னையில் எழுந்த அலை

கம்ப்யூட்டர் இல்லாமலும் பச்சை அலையை எழுப்பலாம். சென்னை நகரப் போலீசார் அதைச் செய்து காட்டினார்கள்.

2014-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ஒருவர் மூளைச் சாவு அடைந்திருந்தார். அவருடைய இருதயத்தைக் கொடுக்கக் குடும்பத்தார் சம்மதித்தார்கள். அதைப் பெற வேண்டிய இளம் பெண் அடையாறில் உள்ள மருத்துவமனையில் காத்திருந்தார். நடுவே சுமார் 12 கிலோமீட்டர். அதுவும் மாலை நேரம். சென்னைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உடலைவிட்டு எடுத்த இருதயம் அதிக நேரம் தாங்காது.

வழி முழுவதும் போலீசார் நின்றார்கள். ஆம்புலன்ஸ் நெருங்க நெருங்க முன்னால் உள்ள சந்திப்பு காலியாயிற்று. அது தாண்டியதும் அடுத்தது. வண்டி 14 நிமிடத்துக்குள் அடையாறு போய்ச் சேர்ந்தது. இருதயம் புதிய உடலில் துடித்தது.

ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு போலீஸ்காரர். அவருக்கு முன் நிற்பவர் அனுப்பும் செய்தி. கோவில் வாசல் காவல்காரர் கதையேதான் இது!

வேகத்தைத் தீர்மானிப்பது யார்?

இப்போது ஒரு முக்கியமான விஷயத்துக்கு வருவோம். விளக்குகளுக்கு நடுவே 7.2 விநாடி வைத்தால் தெருவின் வேகம் 40 கிலோமீட்டர். 6 விநாடி வைத்தால் 48 கிலோமீட்டர். யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு விநாடியைக் கூட்டுகிறார், குறைக்கிறார். ஊர் முழுவதும் அந்த வேகத்தில் ஓடுகிறது.

வித்தியாசம் 8 கிலோமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். 40-ல் வரும் கார் மோதுவதற்கும் 48-ல் வரும் கார் மோதுவதற்கும் அடியின் பலத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேற்றுமை. அடிபடுகிறவர் ஒரு குழந்தையாக இருந்தால் அது பிழைப்பதும் பிழைக்காததும் இதில்தான் இருக்கிறது.

நியூயார்க்கில் நெடுங்காலம் சட்டப்படி உச்ச வேகம் மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர். 2014-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி அதை 25 மைலாக, அதாவது 40 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். பலகையை மட்டும் மாற்றினால் யார் கேட்பார்கள்? ஆகவே பல பெரிய வீதிகளில் விளக்குகளின் விநாடிகளையும் மாற்றினார்கள். பழைய வேகத்தில் போனவர்களுக்கு வரிசையாகச் சிவப்பு விழுந்தது. வாத்தியார் தன் பாடத்தைத் திருத்திக்கொண்டார்.

டென்மார்க் நாட்டின் தலைநகரம் கோபன்ஹேகன் இன்னும் துணிச்சலான காரியம் செய்தது. அந்த ஊரில் நோர்ரெப்ரோகேட் என்று ஒரு வீதி. காலையில் ஆயிரக்கணக்கானவர்கள் அதன் வழியாகச் சைக்கிளில் வேலைக்குப் போவார்கள். அங்கே பச்சை அலையைச் சைக்கிளுக்காக வைத்தார்கள். வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். காலையில் அலை நகரத்தை நோக்கி ஓடும். மாலையில் வீட்டை நோக்கித் திரும்பும். சைக்கிளில் போகிறவர் காலைத் தரையில் ஊன்றாமலே போகலாம். அதே வீதியில் காரில் வருகிறவர் 20-லேயே போனால் அவருக்கும் பச்சைதான். அதற்கு மேல் போனால் நின்று நின்றுதான் போக வேண்டும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரமும் வலென்சியா வீதியில் இதைப் பின்பற்றியது. 2009-ல் சோதித்துப் பார்த்து, 2011-ல் நிரந்தரமாக்கியது. அங்கே வேகம் மணிக்கு 13 மைல். நம் கணக்கில் 21 கிலோமீட்டர்.

மிதிக்கிறவர் கால் வலி தெரிந்தவர்தான் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும். மேட்டில் சைக்கிளை நிறுத்திக் கிளப்பியவர்களுக்குத் தெரியும், அது மாட்டு வண்டியைக் கிளப்புவதைவிட மோசம்.

முதல் 7 விநாடி

கார், சைக்கிள் எல்லாம் சரி. நடக்கிறவருக்கு என்ன?

அலை எவ்வளவு அழகாக ஓடினாலும் அது ஓடுகிற திசையில் போகிறவர்களுக்குத்தான் சுகம். தெருவைக் குறுக்கே கடக்க நிற்கிற பாட்டிக்கு அதில் ஒன்றும் இல்லை. அவர் அலை ஓய்கிற வரை காத்திருக்க வேண்டும். பிறகு தன் நடையில் கடந்து முடிக்க வேண்டும். அவர் நடைக்குப் போதுமான நேரத்தை விட வேண்டும் என்றால் அந்த விநாடிகளைக் காரின் பச்சையிலிருந்துதான் எடுக்க வேண்டும். வேறு இடம் இல்லை.

இன்னொரு அபாயமும் உண்டு. நடக்கிறவருக்கும், அதே பக்கம் வந்து திரும்புகிற காருக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழுகிறது. டிரைவர் தன் பச்சையைப் பார்க்கிறார், பாட்டியைப் பார்ப்பதில்லை. இதற்கு நியூயார்க்கில் ஆயிரக்கணக்கான சந்திப்புகளில் ஒரு வழி செய்திருக்கிறார்கள். நடக்கிறவருக்கான விளக்கை முதலில் எரிய விடுகிறார்கள். காருக்குச் சிவப்பு அப்படியே நிற்கும். 7 விநாடியோ அதற்குச் சற்று அதிகமோ கழித்துத்தான் காருக்குப் பச்சை. அதற்குள் பாட்டி பாதித் தெருவுக்கு வந்துவிடுவார். திரும்புகிற டிரைவர் கண் எதிரிலேயே அவர் நிற்பார்.

அந்த 7 விநாடியில் ஒரு கார், அலையில் வந்தால், அடுத்த விளக்குக்கே போய்விடும்.